பெயர்ப்பலகை இல்லாத ஒரு தையல் வகுப்பு: பழைய சூட்டும் எட்டுச் சனிக்கிழமைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டின் கார் கொட்டகைக்குள் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் தையல் வகுப்புக்கு பிப்ரவரி தொடங்கி எட்டு வாரம் சென்றுவந்தேன். புதிதாக உடை தைக்க அங்கே கற்றுத்தருவதில்லை. பிறர் உடுத்திக் கழித்த ஆண்கள் உடைகளை, அதாவது கால்சட்டை, சட்டை, கோட்டு ஆகிய மூன்றை மட்டும், வாங்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது, வாங்கிய பின் நம் உடம்புக்கு ஏற்ப எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதே பாடம். எட்டு வாரத்துக்கும் சேர்த்து 1,200 ராண்ட். ஊசி, நூல், மெஷின் எல்லாம் அதில் அடக்கம். பிரிப்பதற்குரிய துணியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் போனதற்குக் காரணம் என் மகன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்நாட்டுப் பள்ளிகளில் ‘மெட்ரிக் டான்ஸ்’ என்றொரு விருந்து நடக்கும். பையன்கள் அதற்குக் கோட்டும் டையுமாகப் போவது எழுதாத சட்டம். ஒரே இரவுக்காகப் புது சூட் வாங்க மனம் வராமல், பழைய உடை விற்கும் ஒரு தொண்டு நிறுவனக் கடையில் சாம்பல் நிறக் கம்பளி சூட் ஒன்றை 180 ராண்டுக்கு வாங்கிவந்தேன். தோள் அவனுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. மற்ற எதுவும் பொருந்தவில்லை. பேரங்காடியிலுள்ள ஆல்ட்டரேஷன் கடையில், இடுப்பு, கால் நீளம், கை நீளம், கோட்டின் பக்கத் தையல் என்று தனித்தனியே கணக்குப் போட்டு 650 ராண்ட் கேட்டார்கள். அது நியாயமான கூலிதான் என்பது அந்த வேலையை நானே செய்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்று, வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்கிறார்களே என்று கோபத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

வகுப்பு நடத்துபவர் எழுபதைக் கடந்தவர். சாட்ஸ்வொர்த்தில் வயதில் மூத்த ஆண் எவரும் ‘அங்கிள்’தான் என்பதால் நாங்கள் ஆறு பேரும் அவரை அப்படியே அழைத்தோம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் நான் மதுரைக்காரன் என்று தெரிந்ததிலிருந்து, என்னிடம் மட்டும் அவர் தம் பாட்டி பேசிய தமிழில் பேசினார். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியதிலிருந்து, பள்ளியின் துணை பெரிதாக இல்லாமல் வீட்டுக்குள்ளேயே தங்கிப்போன தமிழ் அது. நாம் ஷர்ட் என்பதை அவர் சொக்காய் என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பத்தா நினைவு வரும்.

அவருடைய தொழிற்பின்னணியைச் சொல்லாமல் இந்த வகுப்பின் தரத்தை விளக்க முடியாது. டர்பனில் ஆண்களுக்கான சூட் தைத்த ஆலை ஒன்றில் அவர் ‘கட்டர்’, அதாவது அடுக்கடுக்காய் விரித்த துணியைப் பாகம்பாகமாக வெட்டித் தருபவர். 1990களில் இறக்குமதித் தீர்வை குறைக்கப்பட்டு, வெளிநாட்டு உடைகள் மலிவாக வந்து குவிந்தபோது இந்த ஊரின் ஆடை ஆலைகள் பல மூடப்பட்டன. தையல் மெஷினை நம்பி இந்தியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஊர் இது. அவருடைய ஆலையும் அப்படித்தான் போயிற்று. ஆலை மூடுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில், ஒரு கால்சட்டைக்கு ஆகும் துணியைக் குறைப்பதற்காக, தையலுக்கு உள்ளே விடும் கூடுதல் துணியைக் கால் கால் அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வரும்படி மேலிருந்து உத்தரவு வந்ததாம். பின்பக்க நடுத் தையலில் ஒன்றரை அங்குலம் விட்ட இடத்தில் ஒன்றேகால், பிறகு ஒன்று, பிறகு முக்கால். இதைத் தன் கையாலேயே வெட்டிக் குறைத்தவர் என்பதால், எந்தக் காலத்து உடைக்குள் எவ்வளவு துணி ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். தொழிலில் இதற்கு ‘இன்லே’ என்று பெயர். இந்த எட்டு வாரத்தில் நான் கற்றதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லைச் சுற்றியதே.

முதல் இரண்டு வாரமும் யாரையும் மெஷின் அருகே அவர் விடவில்லை. பிரிப்பது மட்டுமே வேலை. மகனின் கால்சட்டையை மேசையில் போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். “தம்பி, கத்திரிய கீழ வை” என்றார். பிளவுபட்ட முனையுடைய தையல் பிரிப்பானை என்னிடம் கொடுத்து, தையலை நீளவாக்கில் கிழிக்காமல் நான்கு தையலுக்கு ஒன்றை மட்டும் அறுத்து, மறுபுறத்து நூலை ஒரே இழுப்பில் உருவச் சொன்னார். அப்படிச் செய்தால் துணியில் துளை மட்டும் மிஞ்சும், வெட்டு விழாது. பின்பக்க நடுத் தையல் அவிழ்ந்து இரு பக்கமும் விரிந்தபோது உள்ளே மடிந்திருந்த துணி வெளியே வந்தது. வெளிப்புறம் வெயிலும் சலவையும் பட்டு வெளுத்த சாம்பல். உள்ளே இருந்த ஒன்றரை அங்குலப் பட்டை, மழைக்கு முந்தைய மேகம்போல் அழுத்தமான சாம்பல். ஆலை விட்டுவைத்த பென்சில் கோடுகூட அதில் அழியாமல் இருந்தது. அங்கிள் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, 1980களின் வேலை என்றார்.

கால்சட்டைப் பாடத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் தருவேன். தைத்து முடித்த இடுப்பைப் பிடிப்பது பெரிய வித்தை என்று எண்ணியிருந்தேன். ஆண்களுக்கான முறையான கால்சட்டையில் இடுப்புப் பட்டி இடம், வலம் என இரண்டு துண்டாக வெட்டப்பட்டு, பின்பக்க நடுவில் ஒரே தையலாக இணைக்கப்பட்டிருப்பது பிற்காலத்தில் பிரித்துக் கூட்டவும் குறைக்கவும்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நடுவிலுள்ள பெல்ட் வளையத்தைக் கழற்றி, பட்டியையும் தையலையும் பிரித்து, மேலே ஓர் அங்குலம் உள்ளே தள்ளிக் குறித்து, அந்தக் கோட்டைக் கவட்டை நோக்கிப் போகப்போகப் பழைய தையலோடு சேர்த்துவிட வேண்டும். இரு பக்கமும் ஓர் அங்குலம் என்றால் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறையும். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டுமளவுக்கு நெருங்கிவிடும். எனவே மூன்று அங்குலம் பெரிதான கால்சட்டையைக் கடையிலேயே விட்டுவர வேண்டும் என்பது அவர் விதி. உட்காரும்போது முழு இழுப்பும் விழும் இடம் இது. ஆகவே வளைவில் துணியைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே கோட்டின்மேல் இரண்டு முறை தைக்கச் சொன்னார்.

ஜீன்ஸிலும் பல பருத்திக் கால்சட்டைகளிலும் பட்டி ஒரே துண்டு என்பதால் இந்த வழி செல்லாது. அங்கே அவர் அதிக நேரம் செலவிடவில்லை.

என் சொந்தக் கால்சட்டைக்கு எதிர்த்திசை வைத்தியம் தேவைப்பட்டது. நாற்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் தேவைப்படுவதுதான். உள்ளே ஒன்றரை அங்குலம் இருந்தால் அரை அங்குலத்தைத் தையலுக்கு விட்டுவிட்டு மீதியை வெளியே எடுக்கலாம். எடுத்தபோது, வெளுக்காத அந்தப் பட்டை பின்புறம் ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டு போட்டால் மறைந்துவிடும், போடாவிட்டால் மறையாது. இதை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

காலைக் குறுக்குவதில் அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. பெரும்பாலானவர்கள் உள்பக்கத் தையலில் மட்டும் பிடித்து, ஏன் இஸ்திரி மடிப்பு கோணலாகப் போகிறது என்று விழிப்பார்கள். மடிப்பு துணியின் நேரிழையில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலின்மேல், விழ வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் நடு என்பது நகர்ந்துவிடும், இழை நகராது. எனவே முழங்காலுக்குக் கீழே உள்பக்கமும் வெளிப்பக்கமும் சம அளவில் பிடிக்க வேண்டும். இரட்டிப்பு வேலைதான், மடிப்பு நேராக நிற்கிறது. கீழ் ஓரத்துக்கு மெஷின் தையல் கூடாது; ஊசியைப் பின்னோக்கிக் குத்திப் பெருக்கல் குறிபோல் போகும் கைத்தையல்தான். வெளித்துணியின் ஓர் இழையை மட்டும் தொட்டுப் போக வேண்டும். ஒரு காலுக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கீழ் ஓரத்தைப் பின்புறம் அரை அங்குலம் தாழ்த்திச் சாய்வாக மடித்ததில், முன்புறம் ஷூவின்மேல் துணி குவியவில்லை.

சட்டைக்கு இரண்டு வாரம் கொடுத்தார்; ஒன்றே போதும். பக்கத் தையலைக் கையின் அடிப்புறத்தோடு சேர்த்துப் பிடிப்பது, முதுகில் இரண்டு நீள டார்ட் (கூம்பாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) போடுவது, கஃபை, அதாவது மணிக்கட்டுப் பட்டியை, கழற்றிக் கை நீளத்தைக் குறைப்பது ஆகிய மூன்றும் பொறுமை இருந்தால் வந்துவிடும். கழுத்தளவை மாற்ற வழியில்லை. ஆனால் காலர் திருப்புவது தனிச் சுகம். மடிப்பில் நைந்துபோன காலரை அதன் அடிப்பட்டியிலிருந்து பிரித்தெடுத்து, தலைகீழாகத் திருப்பி, நையாத பக்கம் வெளியே வருமாறு அதே பிளவில் செருகித் தைத்துவிட்டால் சட்டைக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைக்கிறது. காலருக்குள் விறைப்புக் குச்சி செருகும் வாய் இருந்தால் அது வெளியே தெரியும். முனையில் பட்டன் வைத்த காலருக்கும் இது ஆகாது. வகுப்பிலிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், தம் பாட்டி இதை வீட்டில் செய்வதைச் சிறுவயதில் பார்த்திருப்பதாகவும், வறுமையின் அடையாளம் என்று அப்போது வெட்கப்பட்டதாகவும் சொன்னார். அன்று மட்டும் அவர் நான்கு காலர் திருப்பினார்.

ஐந்தாம் வாரம் கொட்டகையில் வகுப்பு இல்லை. எங்களை இரண்டு காரில் ஏற்றி, தொண்டு நிறுவனக் கடைகள் சிலவற்றுக்கு அழைத்துப் போனார். இந்த ஒரு காலைக்காகவே 1,200 ராண்டும் தகும் என்பேன். பழைய உடைகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்யத் தென்னாப்பிரிக்காவில் அனுமதி எளிதில் கிடைக்காது. அதனால் இங்குள்ள தொண்டுக் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி உள்ளூர் அலமாரிகளிலிருந்து வந்தது, அதிலும் பழையதில் ஒரு பங்கு உள்ளூர் ஆலைகளில் தைத்தது. (ஜோகன்னஸ்பர்க் நடைபாதைகளில் பழந்துணிக் குவியல் விற்கும் இடத்துக்கு ‘துனுசா’ என்று பெயர், குனிந்து பொறுக்குவதைக் குறிக்கும் ஸுலுச் சொல். அது வேறு உலகம்.) அவர் விலைச்சீட்டையோ நிறுவனப் பெயரையோ பார்க்கவே இல்லை. கால்சட்டையை உள்வெளியாகப் புரட்டிப் பின்தையலைத் தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்து அந்துப்பூச்சி தின்ற துளைகளைத் தேடினார். அக்குள், கவட்டு, முழங்கை ஆகிய மூன்றில் ஒன்று நைந்திருந்தாலோ, உட்காருமிடம் பளபளத்தாலோ திரும்பத் தொங்கவிட்டுவிட்டார்.

கோட்டுக்கு ஒரு சோதனை காட்டினார். கடைசிப் பட்டன் துளைக்குக் கீழே முன்பக்கத் துணியை இரு விரலால் கிள்ளி, வெளித்துணியையும் உள்துணியையும் பிரித்து இழுத்தால், நடுவே மூன்றாவதாக ஒன்று தனியே வழுக்க வேண்டும். அப்படியானால் உள்ளே கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியை வைத்துத் தைத்த கோட்டு. வழுக்காமல் வெளித்துணி அட்டைபோல் தடித்திருந்தால் பசையால் ஒட்டியது. ஒட்டியதெல்லாம் மட்டமில்லை, ஆனால் பழையதில் பசை விட்டு நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் அதை எவராலும் சரிசெய்ய முடியாது. அன்று நான் ஆசையோடு எடுத்த நீல நிறக் கோட்டு ஒன்று இப்படித்தான் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்குக் கொண்டுவந்த கம்பளி உடையைப் பையில் கட்டி 72 மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார், அந்துப்பூச்சியின் புழு சாவதற்காக. டர்பனின் ஈரக்காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வேறு சேர்ந்துகொள்ளும் என்பதால் இது வீண் பயமில்லை. மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் யாரோ போட்ட கோட்டு இருப்பதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

கோட்டுப் பாடம்தான் இந்த வகுப்பின் பலவீனம். கடைசி வாரங்களுக்குள் அதைத் திணிக்கிறார், அது போதவே போதாது. தோளைத் தொடாதே, நீளத்தைத் தொடாதே என்ற இரண்டு தடைகளும் சரியானவை. தோளைப் பிரித்தால் கை, காலர், உள்பஞ்சு எல்லாம் அவிழும், நீளத்தைக் குறைத்தால் பை ஓரத்துக்கு மிக அருகே வந்துவிடும். மீதமிருப்பவை இடுப்பும் கையும். கோட்டின் உள்ளே நுழைய லைனிங்கை, அதாவது உள்துணியை, எங்கே திறப்பது என்று அவர் காட்டிய இடம் அற்புதமானது. பல கோட்டுகளில் ஏதாவதொரு கையின் உள் லைனிங்கில், ஓரிடத்தில் மட்டும், ஓர் அடி நீளத்துக்கு வெளிப்படையான மெஷின் தையல் ஓடும். ஆலையில் கோட்டை உள்வெளியாகத் திருப்பி எடுத்த வாசல் அது. நாமும் அதே வாசலைத் திறந்து முதுகுத் தையல், பக்கத் தையல் எல்லாவற்றையும் எட்டிவிடலாம். இதைக் காட்டி, முதுகுத் தையலை ஒருமுறை பிடித்துக் காட்டிவிட்டு, அடுத்ததற்குப் போய்விட்டார். நாங்கள் ஆளுக்கொன்று செய்து முடிக்க நேரமில்லை.

அதன் விளைவை வீட்டில் அனுபவித்தேன். மகனின் கோட்டுக் கைகளை முக்கால் அங்குலம் குறைத்தபோது, லைனிங்கை ஒரு சுற்று முறுக்கிய நிலையிலேயே ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். கையை வெளியே திருப்பினேன். சாக்குப்பையின் வாயைச் சுருக்குக் கயிறு போட்டு இழுத்ததுபோல் நின்றது. பிரித்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் இடக்கை மட்டும் அரை அங்குலம் நீளமாகத் தெரிந்தது. வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “ஒரே மனுசனுக்கு ரெண்டு கையும் ஒரே நீளம்னு யார் சொன்னா? ரெண்டையும் அளந்தியா?” என்றார். அளக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எனக்குச் சற்று எரிச்சல்தான். அச்சிட்ட குறிப்பு எதுவும் அவர் தருவதில்லை, எல்லாம் வாய்ச்சொல். நோட்டுப் புத்தகம் கொண்டுபோகாதவர்கள் பாதியை இழப்பார்கள். கையில் உண்மையான பட்டன் துளை போட்ட கோட்டானால் கீழிருந்து குறைக்கவே முடியாது, தோளிலிருந்து குறைக்க வேண்டும், அது வகுப்பில் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இஸ்திரிக்குத் தனிப் பாடம் வைத்திருப்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றியது. ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்து, பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து, ஆவி பறக்கும்போதே மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தால், கம்பளியில் பளபளப்பு ஏறாமல் மடிப்பு நிற்கிறது. பழைய தையலின் துளைகளும் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. என் முதல் கால்சட்டை கடைவேலைபோல் தெரிந்ததற்குத் தையலைவிட இதுவே காரணம்.

மெஷின்களைப் பற்றிச் சுருக்கமாக: கறுப்பு நிறக் கைமெஷின் இரண்டு, காலால் மிதிப்பது ஒன்று, மூடப்பட்ட ஆலையிலிருந்து வாங்கிய மின் மெஷின் ஒன்று. ஆறு பேருக்கு நான்கு என்பதால் காத்திருப்பு உண்டு. ஆலை மெஷின் மிதித்தவுடன் பாய்கிறது. பழகாதவர்கள் அதைத் தவிர்க்கலாம். மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023இலும் கைமெஷின்களால் வகுப்பு ஒருநாளும் நிற்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். வீட்டுக்கு வாங்குவதானால் நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷினே போதும் என்பது அவர் கருத்து. சட்டைக்கு 11ஆம் எண் ஊசி, கால்சட்டைக்கு 14, ஜீன்ஸுக்கு 16. நான் இன்னும் வாங்கவில்லை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் தைக்கிறேன்.

அங்குலத்தில் மட்டுமே பேசுகிறார், சென்டிமீட்டரில் பழகிய இளைஞர்கள் இருவர் திணறினார்கள். பிப்ரவரியில் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை தாங்காது. பணம் கையில்தான் கொடுக்க வேண்டும். பெண்கள் உடை ஏதும் கொண்டுவந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். கால்சட்டைக்கும் சட்டைக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோட்டுக்காக மட்டும் போகிறவர்கள், எட்டு வாரம் முடிந்த பிறகு தனியே நான்கைந்து நாள் கேட்டுப் பெற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு போங்கள். கேட்டால் மறுக்கமாட்டார், நானும் இரண்டு நாள் அப்படிப் போனேன்.

மகன் விருந்துக்குப் போய்வந்துவிட்டான். கோட்டின் இடது கை வலதைவிட அரை அங்குலம் குறைவாகத் தைக்கப்பட்டிருப்பது அவன் எடுத்த எந்தப் படத்திலும் தெரியவில்லை. அடுத்த வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. ஜூனில் கேட்டுப் பயனில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் நடக்கும் டர்பன் ஜூலைக் குதிரைப் பந்தயத்துக்காக ஊரே சூட்டைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகை வாசலில் நிற்கும், அப்போது அவர் தொலைபேசியையும் எடுப்பதில்லை.